டச் பண்ணாத படங்கள் போர்ட்ஃபோலியோவில் வேண்டுமா? வேலூர்ப் பக்கத்து மாடல்களுக்கு ஓர் ஒப்பீடு

போர்ட்ஃபோலியோ, அதாவது மாடல் வேலை கேட்டுக் காட்டும் படத் தொகுப்பு, எடுக்க ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை காஸ்ட்யூம், அதில் எத்தனை படம் எடிட் பண்ணிக் கிடைக்கும்? எடிட் பண்ணாத படம் எத்தனை என்று கேட்பவர்கள் அபூர்வம். ஆனால் சென்னையிலோ பெங்களூருவிலோ ஓர் ஏஜென்சிக்கு மெயில் போட்டால், அல்லது விளம்பரத்துக்கு ஆள் தேடும் கோஆர்டினேட்டரிடம் உங்கள் நம்பர் போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து பெரும்பாலும் முதலில் வருவது "டிஜிட்டல்ஸ் இருக்கா?" என்ற செய்திதான். மேக்கப் இல்லாமல், சாதாரண உடையில், வெறும் சுவர் முன்னால், பகல் வெளிச்சத்தில் எடுத்து, போட்டோஷாப் பக்கமே போகாத படங்கள். பழைய ஆட்கள் இதைப் போலராய்டு என்பார்கள். ஆளை நேரில் நிறுத்தி உடனடி கேமராவில் ஒன்று தட்டினால் படம் கையிலேயே வந்துவிடும், நடுவில் யாரும் கைவைக்க முடியாது. அந்த நம்பிக்கைக்காகத்தான் காஸ்டிங் செய்பவர்கள், அதாவது ஆளைத் தேர்வு செய்பவர்கள், அதை வைத்திருந்தார்கள். போலராய்டு கம்பெனி உடனடி பிலிம் தயாரிப்பதை 2008இல் நிறுத்திய பிறகும் வழக்கம் நிற்கவில்லை, போனுக்கு மாறிக்கொண்டது.

சரி, இந்தப் படங்களை போர்ட்ஃபோலியோவில் சேர்ப்பதா வேண்டாமா? முழுக்க டச் செய்த, அதாவது எடிட்டில் திருத்திய, படங்களாகவே வைக்கலாம். டச் செய்யாதவற்றை மட்டும் வைக்கலாம். இரண்டையும் வைக்கலாம், அதிலும் கலந்து வைப்பதா தனியாக வைப்பதா என்று ஒரு கேள்வி உண்டு. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டும் வேண்டும், தனித்தனியாக வேண்டும். அதற்கு நான் சொல்லும் காரணம் அழகியல் சம்பந்தப்பட்டது இல்லை, தூரம் சம்பந்தப்பட்டது.

காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு சுமார் 130 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸில் இரண்டு மணி நேரம் என்று சொல்லிக்கொண்டாலும், குடியாத்தத்திலிருந்தோ அணைக்கட்டிலிருந்தோ கிளம்பி காட்பாடி வந்து, ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி வடபழனியோ வளசரவாக்கமோ போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். பெங்களூரு என்றால் 200 கிலோமீட்டருக்கு மேல். அங்கே போய் நின்றதும் கதவைத் திறப்பவர் போனில் இருக்கும் படத்தையும் உங்களையும் மாறி மாறிப் பார்க்கிறார். படத்தில் இருப்பது வேறு முகம் என்று அவருக்குத் தோன்றினால் வாய் திறந்து சொல்ல மாட்டார். "ஓகேம்மா, சொல்லி அனுப்புறோம்" என்பார், அவ்வளவுதான். சென்னையில் இருப்பவருக்கு இதில் ஒரு மணி நேரம் நஷ்டம். வேலூரிலிருந்து போனவருக்கு ஒரு நாள், ஒரு நாள் சம்பளம், டிக்கெட், கூடத் துணைக்கு வந்த அண்ணனின் லீவு, எல்லாமே நஷ்டம். டச் இல்லாத படம் உங்களுக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறது. அதைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் இருந்தபடியே "வேண்டாம்" கேட்டுக்கொள்ளலாம்.

முழுக்க டச் செய்த படங்கள்

இப்படிச் சொன்னதால் டச் செய்த போர்ட்ஃபோலியோ வீண் என்று ஆகாது. உள்ளூர் வேலைக்கு அதுவே போதும் என்ற நிலை இன்னமும் இருக்கிறது. வேலூரில் துணிக்கடையோ நகைக்கடையோ விளம்பரத்துக்கு ஆள் தேடும்போது கடை முதலாளி காஸ்டிங் தெரிந்தவராக இருக்க மாட்டார். பட்டுச் சேலையில், நகை போட்டு, லைட் வைத்து எடுத்த படத்தைக் காட்டினால்தான் அவருக்கு "ஆங், இப்படித்தான் வேணும்" என்று புரியும். வெறும் டி-ஷர்ட்டில் சுவர் முன்னால் நிற்கும் படத்தைக் காட்டினால் பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததா என்று கேட்பார். சந்தேகம் வந்தால் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு எட்டு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்வார், அதற்கு ரயில் ஏற வேண்டியதில்லை. ஆரணிப் பட்டு வியாபாரிகளும் இந்த ரகம்தான். 1989இல் மாவட்டம் பிரிவதற்கு முன்னால் ஆரணியும் நம் வட ஆற்காடுதானே, பார்வை ஒன்றாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

பிரச்சினை எந்த அளவுக்கு டச் செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இங்கே எடிட்டிங் செய்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் முழுக்கக் கல்யாண ஆல்பம் போடுகிறவர்கள். கல்யாண ஆல்பத்தில் பெண்ணுக்கு "கலர் ஏத்துவது" கேட்காமலே நடக்கும். அதே கை மாடல் படத்திலும் ஓடும். கன்னத்தில் ஸ்மூத்திங் ஸ்லைடரை இழுத்தவுடன் முகப்பரு போகும், அதோடு உதட்டுக்கு மேல் இருக்கும் மச்சம் மங்கும், சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த புருவ வெட்டு மறையும். பிறகு தோலின் வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்குவார்கள், இடுப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவார்கள். முடிவில் கிடைப்பது ஜாதகத்தோடு சேர்த்து அனுப்பும் போட்டோ மாதிரி இருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் முகம் ஏன் மாறியது என்று நமக்கும் தெரியும்.

கலர் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் இழப்பது இங்கேதான். இன்றைக்குக் காஸ்டிங் செய்திகளில் "டஸ்கி", அதாவது மாநிறமோ கருப்போ, என்று தனியாகவே கேட்கிறார்கள். கருப்பு நிறத்தைக் குறைவாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று விளம்பரத் துறையின் சுய கட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி 2014இல் விதி போட்டது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரையே க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. மாநிறமோ கருப்போ ஆன ஒரு பெண்ணின் படத்தை நாம் வெளுப்பாக்கி அனுப்பினால், டஸ்கி தேடுகிறவர் அவளைத் தாண்டிப் போய்விடுவார். சிவப்பாக ஆள் தேடுகிறவர் கூப்பிட்டு, நேரில் பார்த்துத் திருப்பி அனுப்புவார். இரண்டு பக்கமும் போச்சு. தன் நிறத்திலேயே இருந்திருந்தால் ஒரு பக்கமாவது கதவு திறந்திருக்கும்.

உடம்பின் அளவை மாற்றுவது இதைவிட மோசம். தோல் ஒப்பனையால் மாறும், இடுப்பு மாறாது. பிரான்சில் 1 அக்டோபர் 2017 முதல், விளம்பரப் படத்தில் மாடலின் உடல் வடிவத்தை ஒல்லியாக்கியோ பெருக்கியோ இருந்தால் "திருத்தப்பட்ட படம்" என்று அச்சிட்டாக வேண்டும். நார்வேயில் 2022இல் வந்த சட்டம் தோலைத் திருத்தினாலும் குறிப்பு போடச் சொல்கிறது. அந்தச் சட்டங்கள் நம் ஊர் போர்ட்ஃபோலியோவைத் தொடப் போவதில்லை. ஆனால் பெரிய பிராண்டுகளுக்கு ஆள் எடுக்கிறவர்கள் திருத்தாத படத்தை ஏன் இத்தனை அழுத்திக் கேட்கிறார்கள் என்பது இதிலிருந்து கொஞ்சம் விளங்கும். சட்டையைத் தைத்து வைத்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுகிறார்கள். முப்பது அங்குலம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு முப்பத்திமூன்றோடு போய் நின்றால் அன்றைய ஷூட்டிங்கே நின்றுவிடும்.

டச் செய்யாத படங்கள் மட்டும்

கையில் காசில்லாமல் ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. வெளிநாட்டு ஏஜென்சிகள் பல, புதுமுகங்களிடம் தொழில்முறைப் படங்கள் வேண்டாம், வீட்டில் எடுத்த சாதாரணப் படங்களே போதும் என்றுதான் கேட்கின்றன. முகத்தின் எலும்பமைப்பு, உயரம், தோல், பல்வரிசை, இவைதான் அவர்கள் பார்ப்பது. பெரிய தொகைக்கு ஷூட் எடுத்தால்தான் சேர்த்துக்கொள்வோம், அதையும் எங்கள் ஆளிடமே எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர்கள் மாடலைத் தேடவில்லை, வாடிக்கையாளரைத் தேடுகிறார்கள்.

ஆனால் வேலை தேடி ஓராண்டுக்குப் பிறகும் வெறும் படங்களை மட்டுமே வைத்திருந்தால் சரிப்படாது. முகம் தெரியும், வேலை தெரியாது. லைட் முன்னால் எப்படி நிற்பீர்கள், ஒன்பது கஜச் சேலையைத் தூக்கிப் பிடித்து நடக்கத் தெரியுமா, கழுத்து நகை தெரியும்படி தாடையை எங்கே வைப்பீர்கள் என்பதையெல்லாம் வெறும் சுவர்ப் படம் சொல்லாது. அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது ஷூட் படங்கள்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு, பிரைடல் மேக்கப் கலைஞர்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இப்போது மாடலுக்கு அடிக்கடி வேலை தருகிறவர்கள் இவர்கள்தான். மேக்கப்புக்கு முன், மேக்கப்புக்குப் பின் என்று ரீல்ஸ் போட்டே அவர்கள் பிழைப்பு நடக்கிறது. "முன்" பாதிக்கு வெறும் முகம் வேண்டும், எந்த ஷேடு ஃபவுண்டேஷன் எடுத்து வைப்பது என்றும் தெரிய வேண்டும். உங்கள் மணப்பெண் அலங்காரப் படம் இன்னொரு மேக்கப் கலைஞரின் கைவேலை, அதைப் பார்த்து இவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்த வேலைக்கு மட்டும் டச் இல்லாத ஒரு க்ளோஸ்-அப் பத்து ஷூட் படங்களைவிட அதிகம் பேசும்.

இரண்டும், ஆனால் எப்படி?

கலந்து வைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. கோல்டன் பட்டும், பின்னாலிருந்து விளிம்பில் விழும் ரிம் லைட்டுமாக ஒரு பக்கம், அதற்கு அடுத்த பக்கம் எண்ணெய் வழியும் நெற்றியோடு ஒரு வெறும் படம் என்று வந்தால், பார்ப்பவருக்கு அது நேர்மையாகத் தெரியாது, தவறி உள்ளே வந்த படமாகத் தெரியும். ஷூட் படங்கள் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் தனிப் பகுதியாக வையுங்கள். போனில் அனுப்புவதானால் தனி பிடிஎஃப் போடுங்கள். அதன் மேல் உயரம், அளவுகள், செருப்பு சைஸ், எடுத்த மாதம், இவ்வளவு போதும்.

மாதத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் படங்களுக்கு ஆயுள் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது பொதுவான வழக்கம், நம் ஊரில் அதற்கு முன்பேகூட வேண்டியிருக்கும். காட்பாடியில் ரயில் ஏறினால் திருப்பதி, வேண்டுதல் என்று மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கார்த்திகையில் மாலை போட்ட பையன் தாடியோடு இருப்பான், தையில் மழமழவென்று இருப்பான். மாலை போட்டிருந்தபோது எடுத்த படத்தைப் பார்த்துத் தாடி வைத்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? ஷூட் படம் பழையதாக இருந்தால் மன்னிப்பார்கள். டச் இல்லாத படம் பழையதாக இருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

ஷூட் படங்களில் எவ்வளவு டச் செய்யலாம் என்பதற்கு ரீடச்சிங் செய்பவர்களிடையே ஒரு நல்ல கணக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடக் கூடியதை எடுக்கலாம், போகாததை எடுக்கக் கூடாது. முகப்பரு, கொசு கடித்த தடிப்பு, தூக்கமில்லாத கண் எல்லாம் போகட்டும். மச்சம், தழும்பு, காது மடலின் வடிவம், பல் இடைவெளி அப்படியே இருக்கட்டும். இடது தோளில் பிசிஜி ஊசித் தழும்பை அழித்துவிட்டுக் கொடுக்கிறார்கள், பிறகு ஸ்லீவ்லெஸ் ரவிக்கை விளம்பரத்தில் அது வந்து நிற்கும். இரண்டு மூக்கும் குத்தியிருந்தால் இரண்டும் தெரிய வேண்டும். வெறும் படங்களில் பருவைக்கூடத் தொடக் கூடாது. வெளிச்ச அளவு, நிறச் சமன், ஓரம் வெட்டுவது, இந்த மூன்றோடு கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

யார் எடுப்பது?

ஸ்டுடியோ நடத்திக்கொண்டு இதைச் சொல்வது என் வியாபாரத்துக்கு நல்லதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: டச் இல்லாத படங்களுக்கு ஸ்டுடியோ வேண்டாம். வீட்டில் தங்கையோ நண்பனோ போனில் எடுத்தால் போதும், காசை ஷூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவில் லென்ஸும் லைட்டும் ஒரே சீராகக் கிடைக்கும் என்பது உண்மைதான். கூடவே எடிட்டரின் கை சும்மா இருக்காது என்பதும் உண்மை. "லைட்டா மட்டும் பண்ணியிருக்கேன்" என்று கொடுக்கும் படத்தில் தோல் மெழுகாகியிருக்கும். அப்படியும் ஸ்டுடியோவில்தான் எடுப்பது என்றால், கேமராவிலிருந்து வந்த ஜேபெக் படக் கோப்பை அப்படியே அன்றைக்கே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

போனிலும் வில்லங்கம் இல்லாமல் இல்லை. நிறைய போன்களில் பியூட்டி மோடு வாங்கும்போதே ஆன் ஆகித்தான் இருக்கும், முதலில் அதை அணைக்க வேண்டும். செல்ஃபி கேமரா வேண்டாம். பின்பக்க மெயின் கேமரா அகலக் கோணம் உள்ளது. முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிவிடும். ஏழெட்டு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் முகம் முகமாக இருக்கும். க்ளோஸ்-அப்புக்கு போன் கண் உயரத்தில், முழு உருவத்துக்கு இடுப்பு உயரத்தில். தலைக்கு மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகும், தரையிலிருந்து எடுத்தால் உயரம் பொய்யாகும். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாகப் போடாமல் டாக்குமென்டாகப் போடுங்கள், இல்லாவிட்டால் சுருக்கி, தோலின் விவரமெல்லாம் போய்விடும். டச் பண்ணாத படத்தை வாட்ஸ்அப் டச் பண்ணி அனுப்பியது போல் ஆகிவிடும்.

இடம்தான் நம் ஊரில் பெரிய தலைவலி. நம் வீட்டுச் சுவர்கள் கிளிப்பச்சை, ரோஸ், வாடாமல்லி என்று அடித்து வைத்தவை. பச்சைச் சுவர் ஓரம் நின்றால் கன்னத்தில் பச்சை ஏறும், போன் அதைச் சரிசெய்யப் பார்த்து நிறத்தையே கெடுக்கும். மொட்டை மாடியில் படிக்கட்டு அறையின் சுண்ணாம்பு அடித்த வெளிச்சுவர் பல வீடுகளில் வெள்ளையாகவே இருக்கும். அதன் நிழல் விழும் பக்கமாக நின்றால் வெளிச்சம் முகத்தில் சமமாக விழும். காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஒன்பது மணிக்கு மேல் நெற்றி பளபளக்கும், உச்சிவெயில் கண்குழியில் கருப்படிக்கும். மேக்கப் கூடாது என்றால் முகம் கழுவித் துடைத்துக்கொள்ளக் கூடாது என்று அர்த்தமில்லை.

கோட்டையில் எடுக்கலாமா என்று கேட்பார்கள். ஷூட் படத்துக்கு அந்தக் கல் சுவரும் அகழியும் அருமையான பின்னணி. ஆனால் அது தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் இடம், ட்ரைபாட் விரித்து எடுக்க அனுமதி வாங்க வேண்டும். வெறும் படத்துக்குப் பின்னணியே கூடாது என்பதால் அந்த அலைச்சல் தேவையில்லை. ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், போனையே வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

என்னென்ன படங்கள் என்றால்: முகம் நேராக, சிரிக்காமல் ஒன்று, பல் தெரியச் சிரித்து ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும், முக்கால் கோணத்தில், இடுப்புவரை, முழு உருவம் முன்னும் பின்னும். முடியை இழுத்துக் கட்டியும் விரித்தும் எடுக்க வேண்டும். நகை, மருதாணி வேலை தேடுகிறவர்கள் கைகளைத் தனியாக எடுத்து வையுங்கள், நகப்பூச்சு இல்லாமல். உடலோடு ஒட்டிய கருப்பு அல்லது வெள்ளை டி-ஷர்ட், ஜீன்ஸ் என்பது பொதுவான உடை. வீட்டில் அதற்கு முகம் சுளித்தால் துப்பட்டா இல்லாத ஒட்டிய குர்தி, லெக்கிங்ஸ் போதும், உருவம் தெரிகிறதா என்பதுதான் விஷயம். நம் பக்கத்தில் வேலை பெரும்பாலும் சேலையில் என்பதால், சாதாரண ஒற்றை நிறக் காட்டன் சேலையில் ஒன்று கூடுதலாக வைப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். சென்னை ஏஜென்சி அதைக் கேட்காது, ஆரணிக்காரர் கேட்பார்.

சேலைக்கும் நகைக்கும் ஆள் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு உள்ளாடையில் வெறும் படம் அனுப்பச் சொல்கிற கோஆர்டினேட்டர் நம்பரை அந்த நிமிடமே பிளாக் செய்யுங்கள். அந்த வேலைக்கு அப்படிப் படம் எதற்கு? பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளின் எந்தப் படமும் அப்பா அம்மா நம்பரிலிருந்துதான் போக வேண்டும். அதற்கு ஆட்சேபம் சொல்கிறவரிடம் எந்தப் படமும் போக வேண்டாம்.

இப்போதெல்லாம் படத்தோடு அறிமுக வீடியோவும் கேட்கிறார்கள். பெயர், வயது, உயரம் சொல்லி, இடமும் வலமும் திரும்பி, கைகளைக் காட்டி முடிப்பது. இதுவும் அதே சுவர், அதே உடை, அதே காலை வெளிச்சம்தான். படம் எடுக்கும் அன்றைக்கே சேர்த்து எடுத்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். வேறு நாளில் எடுத்தால் முடி வேறாக, நிறம் வேறாகத் தெரிந்து வீண் சந்தேகம் வரும். கோப்பின் பெயரில் உங்கள் பெயர், உயரம், மாதம், ஆண்டு நான்கையும் போட்டு அனுப்புங்கள். எதிர்முனையில் இருப்பவர் ஒரே நாளில் எத்தனையோ பேரின் படங்களை இறக்குகிறார். "டாக்குமென்ட் 1" என்று வந்த கோப்பை அவர் மறுபடி தேடி எடுக்கப் போவதில்லை.